வீரகத்தியர் வெட்டிய இரண்டு அங்குலம்

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. பாடசாலைகளின் பாண்ட் வாத்தியங்களைத் திருத்த ஆள் தெரிவு செய்யப் போகிறார்களாம். விசுவமடுவில் வாகன ரேடியேட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும் வீரகத்தியரின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பாடசாலையின் பாண்ட் குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியை நான்.

பலத்தை எழுதுவது சுலபம். எங்களிடம் உள்ள ஆறு பியூகிள் ஊதுகுழல்களில் இரண்டு, பழைய ரேடியேட்டர்ப் பித்தளையில் நூல் பிடித்து அளந்து அவர் செய்தவை. ஒட்டிய இடம் விரலால் தடவினாலும் தெரியாது. சொன்ன நாளில் தருவார். ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்ப்பார். ஒரு குமிழி வந்தாலும் கடையை விட்டு வெளியே விடமாட்டார்.

பலவீனம், காது. கடைசிச் சண்டையில் ஷெல் சத்தத்தில் போனது. கத்திச் சொன்னால் கதை விளங்கும், சுருதி விளங்காது.

போன பள்ளித் தவணையில், பாண்ட் போட்டிக்கு ஐந்து நாள் இருக்கையில் குழுவில் ஊதும் யதுர்ஷிகாவின் பியூகிள் மீது உழவு இயந்திரம் ஏறிவிட்டது. வீரகத்தியர் மறுநாளே திருத்திக் கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது. பிள்ளைகளை ஊதச் சொன்னேன். ஐந்தும் ஒரு பக்கம், இது மட்டும் தனியாக மேலே போய் நின்றது. நசிந்த இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பொருத்தியிருக்கிறார். ரேடியேட்டர்க் குழாய்க்கு அது போதும். ஊதுகுழலின் நீளம் குறைந்தால் சுருதி ஏறிவிடும்.

வயதையும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

“வெட்டின அளவுக்குப் புதுத் துண்டு போட ஏலாதோ?”

“பித்தளை இல்லை ரீச்சர். இப்ப வாற ரேடியேட்டர் எல்லாம் அலுமினியம்.”

“அப்ப யதுர்ஷிகா நிக்கட்டும். ஐஞ்சு பேர் ஊதுவினம்.”

அவளுக்கு அது பாடசாலையில் கடைசி வருடம். பியூகிளை மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் வீரகத்தியர் வந்து, மற்ற ஐந்தையும் மினுக்கித் தரட்டுமா என்று கேட்டார். செய்த பிழைக்கு ஈடு செய்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். போட்டிக்கு முதல் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். ஐந்திலும் இரண்டிரண்டு அங்குலம் குறைந்திருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். பாடசாலைச் சொத்து. அதிபருக்கு என்ன பதில் சொல்வது?

“ஊதிப் பாக்கச் சொல்லுங்கோ ரீச்சர். ஆறும் இப்ப ஒரே அளவு.”

ஊதினார்கள். ஒரே குரலாக வந்தது. எங்கள் குழுவில் பியூகிளையும் மேளங்களையும் தவிர வேறு வாத்தியம் இல்லை. ஆறும் சேர்ந்து ஏறினால் குற்றம் பிடிக்க ஆளில்லை. யதுர்ஷிகா முன்வரிசையில் நின்று ஊதினாள். இரண்டாம் இடம் கிடைத்தது.

“ஒரு பிள்ளைக்காக ஐஞ்சு நல்ல சாமானை வெட்டினீங்களே?” என்று பிறகு கேட்டேன்.

“பிள்ளை அதை வைச்சிட்டுப் போனதைப் பாத்தனான்” என்றார். ஒரு பால்மா டின்னையும் நீட்டினார். உள்ளே வெட்டிய ஐந்து துண்டுகள். எது எந்தப் பியூகிளுடையது என்று ஒவ்வொன்றிலும் இலக்கம் கீறியிருந்தது. “பித்தளை கிடைச்ச உடன ஆறையும் பழையபடி ஆக்கித் தாறன்.”

பலவீனம் என்ற கட்டத்தில், சொல்லாமல் வெட்டுவார் என்று எழுதினேன். நடந்ததை மறைக்க எனக்கு மனமில்லை. பலத்துக்கு விட்டிருந்த இடம் போதவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் யதுர்ஷிகாவின் பெயரிலிருந்து தொடங்கினேன்.