நான் வானத்துக்கு எறிந்த பந்து

இரண்டாயிரங்களின் நடுவில், வயிறு முன்னுக்குத் தள்ளத் தொடங்கிய வயதில், நான் ஒஸ்லோவில் அமெரிக்கக் கால்பந்து விளையாடப் போனேன். பெயரில் மட்டும்தான் கால். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான். மற்றவர்கள் அவனை இடித்து விழுத்துவார்கள். ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவனுக்கு இது என்னத்துக்கு என்று மனைவிக்கு விளங்கவில்லை.

"உங்களை இடிச்சு விழுத்த வீட்டிலை நான் ஒருத்தி போதாதோ?" என்றாள்.

எங்கள் பயிற்சியாளர் அமெரிக்கர். ஒரு காலத்தில் தொழில்முறை ரிசீவர். அதாவது, தூரத்திலிருந்து எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவர். அந்தக் காலத்தின் பெரும்பகுதியை மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் உட்கார்ந்தே கழித்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. முழங்கால் போனதும் பயிற்சியாளராகி, அணி அணியாகக் கீழே இறங்கி, எங்களிடம் வந்து சேர்ந்தார். எங்களுக்கும் கீழே வடதுருவம்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் விளையாடிய என் கைகளைக் கண்டு மனிதர் சொக்கிப்போனார். பிடி, பிடி, பிடி. அவருக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். பிடித்த பிறகு என்ன செய்வது என்று அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம், ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில். அதற்கு முதல் நாள் பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். தோற்றால் அடுத்த வருடம் தனக்கு வேலையில்லை என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டதாம்.

"வேறெங்கும் என்னை எடுக்கமாட்டார்கள்" என்றார்.

ஆறுதல் சொல்லத் தெரியாமல், எங்கள் ஹோட்டலில் பாத்திரம் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

என் வீரத்தைப் பார்க்க நண்பர்கள் சிலர் ரயிலேறி வந்திருந்தார்கள். கிரிக்கெட்டைத் தவிர உலகத்தில் வேறு ஆட்டம் இருப்பதையே ஒத்துக்கொள்ளாதவர்கள். கடைசி நிமிடம். நாங்கள் சில புள்ளிகள் பின்னால். வழமையான ரிசீவரின் கால் பிசகிவிட, பயிற்சியாளர் என்னை உள்ளே தள்ளினார். பல்லுக்குப் போட்ட ரப்பர் தகட்டால் முருகனைக்கூட ஒழுங்காகக் கூப்பிட முடியவில்லை.

பந்து வந்தது, கல்யாண வீட்டுக்குப் பிந்தி வரும் சொந்தக்காரர் போல ஆற அமர. பயத்தில் கண்ணை மூடினேன். கைகள் தாமாகவே பிடித்துவிட்டன. எல்லைக்கோடு பக்கத்தில், முன்னால் ஒருவருமில்லை. பந்தோடு கோட்டைத் தாண்டினால் வெற்றி.

"அவுட்டடா மச்சான்! அவுட்டு!" என்று நண்பர்கள் கத்தினார்கள்.

நான் பந்தை வானத்துக்கு எறிந்துவிட்டு, கைகளை விரித்தபடி அவர்களிடம் ஓடினேன். கேட்ச் பிடித்தவன் வேறென்ன செய்வான்? பின்னால் விழுந்த பந்தை எதிரணி தூக்கிக்கொண்டது. ஆட்டம் முடிந்தது.

"ஏன்ரா எல்லாரும் உன்னை முறைக்கிறாங்கள்? நல்ல கேட்ச்தானே!" என்றான் ஒருவன்.

அணியின் முகத்தில் விழிக்கத் துணிவில்லாமல் கழிப்பறைக்குள் புகுந்து பூட்டிக்கொண்டேன். நோர்வேயிலிருந்து தப்பியோடி இன்னொரு நாட்டில் அகதி அந்தஸ்துக் கேட்டால் தருவார்களா என்று யோசித்தேன். விசாரணையில் என்ன சொல்வது? ஐயா, கேட்ச் பிடித்தேன், ஆகவே உயிராபத்து.

கதவு தட்டப்பட்டது. பயிற்சியாளர்.

"நிர்வாகக் குழுத் தலைவர் வந்தார். நன்றி என்றார். கை குலுக்கினார். நான் போகலாமாம்."

நோர்வேயில் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதும் ஒரே முகத்தோடுதான் நடக்கும். மன்னிப்பை எந்த மொழியில் கேட்பதென்று தெரியாமல், கழிப்பறைக் கடதாசியைக் கிழித்து மூக்கைச் சிந்தினேன்.

"அழுகிறாயா?"

"இல்லை" என்றேன், அழுதுகொண்டே.

"அப்படியென்றால் வெளியே வா. இங்கே ஒரு கழிப்பறைதான் இருக்கிறது."

திறந்தேன். தன் பையை என்னிடம் திணித்துவிட்டு உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார். நான் அதை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். உள்ளே குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.