லைப்ரரிக்குப் பின்னாலை ஒரு வழி

எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை எட்டு வயதிலிருந்தே நான்தான் வாசித்துச் சொல்வேன். கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து வரும் விசாக் கடிதம், எல்லாமே. ஊர் ஊராக இடம்பெயர்ந்ததில் அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. வீட்டில் நானும் அவரும்தான். நான் வாசித்ததே சட்டம். அதனால் பதினேழு வயதில் ஒரு கடிதத்தைப் பொய்யாக வாசிப்பது எனக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை.

புலமைப்பரிசில் தெரிவுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்து தங்கும்படி பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. எங்கள் விசாவுக்கு மாணவர் கடன் கிடையாது. இது கிடைத்தால்தான் படிப்பு. சனிக்கிழமை பெற்றோரும் வரலாம், இடத்தைச் சுற்றிக் காட்டுவோம், மதியச் சாப்பாடும் உண்டு என்று ஒரு பத்தி இருந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன்.

"தாய்மார் வரலாமோ?"

"இல்லையம்மா, பிள்ளையள் மட்டும்தானாம்."

"சரி, வாசல்மட்டும் கொண்டுவந்து விடுறன்."

அம்மாவை நினைத்து வெட்கப்பட்டேன் என்று முழுதாகச் சொல்லமுடியாது. அவர் பக்கத்தில் நின்றால் ஒவ்வொருவர் பேசுவதையும் திருப்பிச் சொல்லவேண்டும். அந்த இரண்டு நாளாவது நான் நானாக மட்டும் இருக்க ஆசைப்பட்டேன்.

சனிக்கிழமை காலை டிராம் ஏறும்போது அம்மா கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். கீழே நீலச் சேலைக் கரை தெரிந்தது. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்பவர் அவர்.

"வேலைக்குச் சேலையோ அம்மா?"

"வேலை முடியக் கோயிலுக்குப் போறன்."

பல்கலைக்கழக வாசலில் மஞ்சள் ரீசேர்ட் போட்ட மாணவி ஒருத்தி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். நீங்களும் உள்ளே வாருங்கள், தேநீர் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னவாம்?"

"காரை எங்கை விட்டனீங்கள் எண்டு கேக்கிறா."

அம்மா சிரித்தார். "டிராமை வெளியிலை கட்டிப்போட்டிட்டு வந்தனாங்கள் எண்டு சொல்லு." பிறகு என் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துவிட்டு, "ஆறுதலாக் கதை பிள்ளை. எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று போய்விட்டார்.

மதியம் பெரிய மண்டபத்தில் சாப்பாடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு தாயோ தகப்பனோ இருந்தார். என் பக்கத்துக் கதிரையில் என் பை இருந்தது. யாரோ ஒருத்தியின் தாய் எனக்கும் சேர்த்து உருளைக்கிழங்கு போட்டார்.

ஞாயிறு நேர்முகத்தில், இதுவரை வருவதற்கு உனக்கு யார் உதவினார்கள் என்று கேட்டார்கள். யாருமில்லை, தனியாகத்தான் வந்தேன் என்றேன். மூன்று பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலு மணிக்கு அம்மா வாசலில் நின்றார். வந்த வழியே நான் திரும்ப, கையைப் பிடித்து இழுத்தார். "அது சுத்து. லைப்ரரிக்குப் பின்னாலை ஒரு வழி கிடக்கு, நேரை பஸ்ஸடிக்குப் போகலாம்." அவர் முன்னே விறுவிறுவென்று நடக்க, நான் நேர்முகக் கதையைச் சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். கடைசிக் கேள்வியை மட்டும் சொல்லவில்லை.

புலமைப்பரிசில் கிடைத்தது. அதைச் சொல்ல எங்கள் தெருமுனைக் கடை அண்ணையிடம் ஓடினேன். அவர் கல்லாவை விட்டு எழும்பிவந்து கைகொடுத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும். கடிதம் வந்த கிழமை அம்மா கொண்டுவந்து என்னட்டை ரெண்டு தரம் வாசிப்பிச்சவ. தாய்மாரும் வரலாமெண்டு சொல்ல, உடனை சனிக்கிழமைக்கு லீவு போட்டவ எல்லே. சாப்பாடெல்லாம் நல்லமோ?"

"ஓம் அண்ணை, நல்லம்" என்றேன்.

இன்றுவரை நானும் அம்மாவும் இதைப் பேசியதில்லை. வாசலில் அவர் "என்னவாம்?" என்று கேட்ட அந்தக் கணத்துக்கு இன்னொருமுறை போகமுடிந்தால் போதும் என்று இருக்கும். அந்தச் சனிக்கிழமை கோட்டைப் பூட்டிக்கொண்டு, நீலச் சேலையோடு, எத்தனை தரம் அந்தக் கட்டடங்களைச் சுற்றியிருந்தால் லைப்ரரிக்குப் பின்னால் வழியிருப்பது தெரிந்திருக்கும்? ஞாயிறு அவர் பின்னால் நடந்தபோது நான் அதைக் கேட்கவில்லை. பஸ் உடனே வந்துவிட்டது, இருக்க இடமும் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அம்மாவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டேன்.