விளக்கெல்லாம் பச்சை, படம் மட்டும் வரவில்லை

என் சித்தி சந்திரலேகாவுக்குப் பேய்ப் பயம் கிடையாது. ரப்பர் பல்லி, கறுப்புச் சேலை, ஜன்னல் முனகல் எல்லாம் போட்டுப் பார்த்துத் தோற்றவன் சொல்கிறேன். அப்பேர்ப்பட்டவள் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, பட்டப்பகலில், ஒரு ஸ்விட்சைப் பார்த்து நடுங்கிப் போனாள்.

காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு நெட்வொர்க் வேலை. அந்தக் காலத்துப் பெரிய வீட்டை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். நகை பூட்டிவைத்த உள்ளறையில் இப்போது சர்வர். கதவைச் சாத்தினால் வெளியே ஒருத்தர் கத்தினாலும் கேட்காது.

நோயாளிகளின் பேர்கள் சர்வரில் இருக்கும். ஸ்கேன் படங்கள் தனியாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில்; அது பழசாகிவிட்டதால் புதுசு ஒன்று வந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்று வழி விடுவது ஸ்விட்ச். வியாழன் சாயங்காலம் புது ஸ்விட்சில் புதுப் பெட்டிக்கென்று தனிப் பாதை போட்டு, ஐபி முகவரி கொடுத்து, சேவ் பண்ணினாள். கடைசியாக, படங்கள் பெரிய பெரிய பொட்டலமாகப் போகட்டும் என்று எம்டியூவை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை, ஒன்பதாயிரமாக ஏற்றினாள். அதை மட்டும் சேவ் பண்ணவில்லை. ஒரு படமாவது திறந்து கண்ணால் பார்க்காமல் கடைசிக் கட்டளை வரியைச் சேவ் பண்ண மாட்டாள். பழைய பெட்டியின் படங்கள் ராத்திரி பூரா புதுசுக்கு ஏறட்டும், காலையில் பார்க்கலாம் என்று பூட்டிவிட்டுப் போனாள். காலையில் படமெல்லாம் ஏறி முடிந்திருந்தது, பழைய பெட்டி உயிரை விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு டாக்டர் அனுசுயா கூப்பிட்டார்.

"லேகா, கண்டரமாணிக்கம் பொன்னுத்தாயி, பழைய ஸ்கேன் வரல. பதினொண்ணுக்கு ஆபரேஷன் தியேட்டர். தலையில இருக்க புள்ளி ரெண்டு வருஷத்துக்கு முந்தியே இருந்துச்சான்னு பாக்கணும். இருந்துச்சுன்னா தலையத் திறக்க வேண்டாம்."

சித்தி கம்ப்யூட்டரில் அந்தப் பேரை அழுத்தினாள். பேர் வந்தது. வயசு, ஊர் எல்லாம் வந்தது. படம் வரவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம். வேறொரு பேர். அதே கறுப்பு. நானூறு பேருக்குப் பேர் இருந்தது, ஒருத்தருக்கும் தலை இல்லை.

உள்ளறைக்கு ஓடினாள். விளக்கெல்லாம் பச்சை. புது ஸ்டோரேஜ் பெட்டிக்கு 'இருக்கியா' என்று கேட்கும் ஒரு பிங் அனுப்பினாள், சின்னதாக. 'இருக்கேன்' என்று பதில் வந்தது. பெரிசாக ஒன்று அனுப்பினாள். பதில் இல்லை. திரும்பிக்கூட வரவில்லை. சின்னது போய் வருகிறது, பெரிசு நடுவழியில் காணாமல் போகிறது, எங்கேயும் ஒரு சத்தமில்லை.

ஸ்விட்சிடமே கேட்டாள், எத்தனை நேரமாக ஓடுகிறாய் என்று. ஒரு மணி நேரம் பதினோரு நிமிஷம் என்றது.

நேற்று அவள் கையால் உயிர் கொடுத்தது. கரண்டும் போகவில்லை. சாவி அவள் இடுப்பில். பூட்டிய அறைக்குள் யார் இதைக் கொன்று எழுப்பியது?

குளிர் ஏசியில் வேர்த்தது. அப்போதுதான் பார்த்தாள். ஸ்விட்சின் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்தும் காயாமலும். ரேக்குக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம்.

"லேகாம்மா, எப்புடி?" வாசலில் மேனேஜர் சேவுகப்பெருமாள், கையில் இன்னொரு சாவி. "நீங்க நேத்து எமகண்டமோ எதுவோ பாக்காம ஆன் பண்ணிட்டுப் போயிட்டீக. அதான் நல்ல நேரத்துல ஒரு தடவ அணைச்சுப் போட்டேன். அலாரம் அடிக்குமேன்னு சூடம்கூடக் காட்டல."

"அண்ணே... நீங்க அணைச்சதுல சேவ் பண்ணாத வரி போச்சுண்ணே. எம்டியூ பழையபடி ஆயிரத்தைந்நூறுக்கு இறங்கிருச்சு. பெரிய பொட்டலத்தையெல்லாம் இது கீழ போடுது."

"சாமி கும்பிட்டதுக்கா?"

"அங்குட்டுப் போங்கண்ணே!"

ஒற்றை வரி. அவசரத்தில் மூன்று தடவை தப்பாக அடித்தாள். நாலாவதில் ஏறியது. டாக்டர் அறைக்கு ஓடினாள். பத்து ஐம்பதுக்கு அங்கே திரையில் கறுப்புக் கட்டம் மெல்ல வெளுத்தது. மண்டை ஓடு, கண்குழி, உள்ளே அரிசி அளவு வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் இன்றைய படம். அதே அரிசி, அதே இடம்.

"நகரவே இல்ல," என்றார் டாக்டர் அனுசுயா. "கத்தி வேண்டாம்."

பாதித் தலை மழித்து, பச்சை அங்கியில் உட்கார்ந்திருந்த பொன்னுத்தாயியைக் கூட்டிவந்து காட்டினார்கள்.

"அப்ப முடிய எதுக்குச் செரச்சீக?" என்று சண்டைக்கு நின்றாள். பிறகு இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"இதுல எது நான், தாயி?"

"ரெண்டுமே நீங்கதான்," என்றாள் சித்தி.

"அந்தப் பழையவ என்னையவே பாக்குறாளே. மூடிரு."

சித்தி மூடினாள். அப்புறம்தான் போய் அந்தக் கடைசி வரியைச் சேவ் பண்ணினாள்.