இருந்தாலும் அக்கா

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கணினி அணைந்து கிடந்தது. மறுபடி சொருகி, அது உயிர் பெறும்வரை மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "எழுதினது அப்படியே இருக்கு" என்றார். உடனே, "இருந்தாலும்..." என்று மறுபடி பிளக்கை நோக்கிக் குனிந்தார்.

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அதுவே பெயர்: இருந்தாலும் அக்கா. தகவல்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் அமைப்பது வேலை. நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேநீரை நின்றபடி குடிப்பார், பாதியை எங்காவது வைத்து மறப்பார். "வீட்ல ஃப்ரிட்ஜைப் பிடுங்காத வரைக்கும் சரி" என்பது கணவரின் சமாதானம்.

இப்போது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு டேட்டாபேஸ் வேண்டும். போஸ்ட்கிரஸா, மைஎஸ்கியூஎல்லா? இரண்டுமே டேட்டாபேஸ் மென்பொருள்கள்; யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, பிரித்துப் பார்த்து, பயன்படுத்தக்கூடியவை. ஏழு வாரமாக வெள்ளைப் பலகையில் இரண்டு பட்டியல்கள் போட்டி போட்டுக்கொண்டு நீண்டன.

பொறுமையிழந்த கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் நேரிலேயே வந்துவிட்டார். "நாங்க இன்னும் துண்டுச் சீட்டுலதான் விலாசம் எழுதறோம்மா. நேத்து ஒரு சீட்டு ஃபேன் காத்துல பறந்துடுச்சு. நல்லவேளை, அவங்களே திரும்பக் கூப்பிட்டாங்க. எதையாவது ஒண்ணைக் குடுங்க."

அக்கா நடந்துகொண்டே விளக்கினார். "ஒரு பதிவை மாத்தணும்னா, மைஎஸ்கியூஎல் ஒரே தட்டைக் கழுவிக் கழுவிச் சாப்பிடுற ஆளு. போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு தடவையும் புதுத் தட்டு எடுக்கும். பழசெல்லாம் தொட்டியில குவியும், அப்புறம் தேய்க்கணும். உங்க வண்டிங்க நிக்கிற இடம் அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை மாறுது. தொட்டி என்னத்துக்கு ஆகும்? ஆனா எந்த வண்டி பக்கத்துல இருக்குன்னு கண்டுபிடிக்க போஸ்ட்கிரஸ்லதான் வசதி அதிகம்."

"அப்ப அதையே போட்டுடுங்க!"

"இருந்தாலும்..."

எனக்கே எரிச்சல் வந்தது. பொறுப்பாளர் போனதும் அக்காவிடம் கேட்டுவிட்டேன். "அப்படி என்னதான்க்கா பயம்?"

அக்கா நின்றார். முன்பு வேலை பார்த்த ஆம்புலன்ஸ் சேவையில், வேகத்துக்காக, கணினியின் வட்டில் எழுதி முடிப்பதற்குள்ளேயே 'பதிவானது' என்று காட்டும்படி அமைத்தவர் இவர்தான். ஒருநாள் மின்சாரம் போனது. ஒரு விலாசம் அழிந்தது.

"வண்டி வருதுன்னு சொல்லிட்டோம். அந்தம்மா வாசல்லயே நின்னிருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் உள்ள..."

அக்கா மறுபடி நடக்க ஆரம்பித்தார். கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

பறந்துபோன சீட்டு அக்காவை விரட்டியிருக்க வேண்டும். மறுநாளே போஸ்ட்கிரஸ் என்று முடிவு சொன்னார். தட்டு தேய்க்கும் வேலை அடிக்கடி நடக்கும்படி வைத்தார். வட்டில் எழுதி முடித்த பிறகே 'பதிவானது' என்று வரவேண்டும், கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை என்றார். இன்னும் பதினோரு முறை பிளக்கைப் பிடுங்கினார்.

தொடக்க நாளில் நானும் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிருந்தேன். முதல் அழைப்பு வந்தது. திரையில் 'பதிவானது' என்று விழுந்தது. "வண்டி கெளம்பிடுச்சு சார், வாசல்ல யாராவது நில்லுங்க" என்றாள் தொலைபேசியில் இருந்த பெண். பொறுப்பாளர் கைதட்டினார்.

அக்கா பேனாவைத் திறந்து, திரையைப் பார்த்துப் பார்த்து, அந்தக் கதவு எண்ணையும் தெருவையும் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தார்.