வயிற்றில் ஒட்டிய கல்லும்மக்காய்

என் மாமா ஓடைப்பட்டியிலிருந்து கேரளத்துக்குத் திராட்சை ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். திரும்பும்போது வண்டி சும்மா வரக்கூடாது என்பது அவர் கொள்கை. பலாப்பழமோ மரவள்ளிக்கிழங்கோ ஏதாவது வரும். ஒரு கோடை விடுமுறையில் ஈரச் சாக்கு நிறையக் கல்லும்மக்காய் வந்தது. கடல் பாறையில் ஒட்டி வளரும் சிப்பி. கடலையே பார்த்திராத அம்மா அந்தச் சாக்கைத் தொடவே யோசித்தார். மாமாவே வேகவைத்து, ஓடு வாய் பிளந்ததும் சதையை எடுத்து, மிளகாய்த்தூள் போட்டு வறுத்தார்.

சில வெளிறி இருந்தன, சில நல்ல ஆரஞ்சு நிறம். நான் ஆரஞ்சாகப் பொறுக்கித் தின்றேன். அவைதான் பழுத்தவை என்று என் கணிப்பு. திராட்சைத் தோட்டத்துப் பிள்ளை வேறு எப்படிக் கணிப்பான்?

மாமா சாவகாசமாக விளக்கினார். “வெளுத்தது ஆணு, செவந்தது பொட்டை மருமகனே. மழைக்கு முன்னால சினை கட்டி நிக்கும். மழை விழுந்ததும் முட்டையக் கடல்ல விட்டுரும். அது பொரிஞ்சு, தூசி கணக்கா மெதந்து திரிஞ்சு, எங்கனயாச்சும் ஒட்டிக்கிட்டு ஓடு கட்டும்.”

அக்கா என் காதருகே வந்தாள். “ஏலே, அம்புட்டும் முட்டையால்ல தின்னுருக்க. உள்ள உப்புத்தண்ணி சேந்துச்சுன்னா வயித்துலயே ஒட்டிக்கிரும்.”

வறுத்த முட்டை பொரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோழி முட்டை விஷயத்தில் அந்தத் தெளிவு எனக்கு நன்றாகவே இருந்தது.

மறுநாளே உப்பை விட்டேன். ஊறுகாயை விட்டேன். பயத்தில் அழுகை வந்தால் கண்ணீர் உதட்டுக்கு இறங்குமுன் துடைத்துவிடுவேன், அதுவும் உப்பாயிற்றே. வயிற்றுக்குள் ஓடு உருள்கிறதா என்று மாடிப்படியிலிருந்து குதித்துப் பார்ப்பேன். ஒருமுறை கலகலவென்று சத்தமே வந்துவிட்டது. அது டவுசர் பையில் கிடந்த கோலிக்குண்டு என்று தெரிவதற்குள், என் சைக்கிளை இனி நீயே வைத்துக்கொள் என்று அக்காவிடம் சொல்லி முடித்திருந்தேன். அவள் திருப்பித் தரவில்லை.

இந்த நிலையில் ஆனி மாதம் தம்பிக்குக் காதுகுத்து வந்தது. விருந்துக்கு அதே காய் வேண்டும் என்று அப்பா மாமாவிடம் சொல்லிவிட்டார். சொந்தபந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்து ஊட்டும்போது எப்படி மறுப்பது? லாரிச் சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மாமா வெறுங்கையோடு இறங்கினார்.

“என்ன மாப்ள, ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்?” என்றார் அப்பா.

“எம்புட்டோ கேட்டுப் பாத்தேன் மச்சான். மழை விழுந்துருச்சுல்ல, இப்ப காய்ல கைய வைக்க மாட்டோம்னு கடக்கரையில காய் எடுக்குறவுக சொல்லிட்டாக. புதுசு ஒட்டி வளரட்டும், பெறகு வான்றாக.”

“கூடக் கொஞ்சம் துட்டு குடுக்க வேண்டியதுதான?”

“குடுக்கேன்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்தாக.”

அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டார்: “பிஞ்சு எறங்குற திராட்சைக் கொடியில நீங்க கத்திரி வைப்பீகளா?”

அப்பா கறிக்கடைக்குக் கிளம்பினார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வயிற்றில் ஒட்டும் அபாயம் உண்மை. அதனால்தான் அங்கே விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். முகம் தெரியாத அந்தக் கடற்கரைக்காரர்கள் மழைக்காலம் முழுக்க வருமானத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் காக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்து, மேற்கு மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன்.

அவர்கள் காத்தது யாருடைய பிள்ளைகளை என்பது அப்போது எனக்குத் தெரியாது.