இடது பக்கம் மூன்று, வலது பக்கம் இரண்டு

அக்காவுக்கு நான் சிறுநீரகம் கொடுக்க முடியாது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, எரிச்சல். ரத்தப் பிரிவு பொருந்திவிட்டது. இதயம், நுரையீரல், பல், கண் என்று ஒவ்வொன்றாகத் தேறியிருந்தேன். என் மனைவி சம்மதம் தெரிவித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். எல்லாம் முடிந்து கடைசியாக எடுத்த சி.டி. ஸ்கேனில் வந்து மாட்டிக்கொண்டேன்.

மருத்துவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"நடுவுல தடியா இறங்குது பாருங்க, அதுதான் பெரிய ரத்தக்குழாய். அதுலேர்ந்து ஒவ்வொரு கிட்னிக்கும் ஒரு குழாய் பிரியும். உங்களுக்கு இடது பக்கம் மூணு, வலது பக்கம் ரெண்டு."

"வியாதியா சார்?"

"வியாதி இல்ல. பிறவியிலேயே அப்படி. நிறைய பேருக்கு ஒரு பக்கம் கூடுதலா ஒண்ணு இருக்கும், கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது. உங்களுக்கு ரெண்டு பக்கமும் இருக்கறதுதான் சிக்கல்."

கருவில் சிறுநீரகம் முதலில் இடுப்புக்குள் உருவாகிப் பிறகு மேலே ஏறுமாம். ஏற ஏறப் புதிய குழாய்களைப் பிடித்துக்கொண்டு பழையவற்றை விட்டுவிடுமாம். என்னுடையவை பழையதை விடாமலே ஏறிவிட்டன. உடம்புக்குள் இருக்கும்வரை இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அறுத்து எடுத்து இன்னொருவருக்கு வைக்கும்போது ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகத் தைக்க வேண்டும். ஒன்று அடைத்துக்கொண்டால், அது ரத்தம் கொடுக்கும் பகுதி செத்துவிடும். பக்கத்துக் குழாய் அதைக் காப்பாற்றாது. அடியில் போகும் சின்னக் குழாய்தான் இருப்பதிலேயே ஆபத்து. சிறுநீர் இறங்கும் பாதைக்கும் அதிலிருந்துதான் ரத்தம் போகும்.

"நாங்க எடுக்க மாட்டோம். வேற யாராவது இருக்காங்களான்னு பாருங்க" என்றார்.

வேறு யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அக்காவின் கணவர், மாமாவுக்குச் சர்க்கரை. அவர்கள் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில்.

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை. கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு மனு டைப் செய்து கொடுப்பதுதான் முக்கிய வருமானம். நில வழக்கோ குடும்பச் சண்டையோ, யார் எதைக் குழப்பிச் சொன்னாலும் ஒரு பக்கத்தில் புரியும்படி எழுதிவிடுவேன். ஆனால் என் சொந்த வயிற்றுக்குள் இருப்பதை என் குடும்பத்துக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா உள்ளே டயாலிசிஸில் இருந்தாள். மாமா வெளியே டீக்கடையில் நின்றிருந்தார். சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருப்பவர், வாரத்தில் பாதி நாள் கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து நிற்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"ரத்தக்கொழா ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான மச்சான்? போர்ல ஒரு பைப்புக்கு மூணு பைப்பு இருந்தா தண்ணி நல்லாதான வரும்?"

"அப்படி இல்ல மாமா. ஒவ்வொண்ணையும் தனியா தைக்கணும். ஒண்ணு அடைச்சாலும்..."

"தைக்கட்டுமே. டாக்டருக்குப் படிச்சது எதுக்கு?"

பிஸ்கட் அட்டையைக் கிழித்துப் பேனாவால் வரைந்து காட்டினேன். கோடு போட்டு, கிளை போட்டு, அடியில் அந்தச் சின்னக் குழாயையும் போட்டேன். பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "வீட்ல எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டார்.

என் மனைவியைத்தான் கேட்டார். டம்ளரை வைத்துவிட்டு நடந்துவிட்டேன்.

அதன்பிறகு அந்தப் பேச்சுதான் ஊரெல்லாம் சுற்றியது. கீரப்பாளையத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தப்பா, "பயம்னா பயம்னு சொல்லிடலாம்பா, தப்பில்ல" என்று என் தோளைத் தட்டினார். என் மனைவி எதிர் வரிசையில் இருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும், "நான் கையெழுத்துப் போட்டது யாருக்கும் கண்ணுக்குத் தெரியல. உங்க கொழா எத்தனைன்னு நானா எண்ணி வச்சேன்?" என்றாள்.

அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. ஒரு நாள் அவளுடைய தையல் கடைக்குப் போனேன். பாதி தைத்த ரவிக்கை மிஷினிலேயே கிடந்தது. டயாலிசிஸ் ஊசி ஏற்றும் கை நரம்பு வீங்கியதால் துணியைப் பிடித்து ஓட்ட முடியவில்லை என்றாள். நான் மறுபடியும் குழாய்க் கதையை ஆரம்பித்தேன்.

"நிறுத்துடா. எல்லாரும் என் தலைக்கு மேலயே பேசிக்கிறீங்க, என்னாண்ட யாரும் கேக்கல" என்றாள். "கொழா ஜாஸ்தியா இருக்கறதால உனக்கு எதுனா ஆவுமா? அத மட்டும் சொல்லு."

"ஒண்ணும் ஆவாதுக்கா."

"அப்ப சரி. எனக்கு இப்படியே ஓடும்."

ஓடாது என்று இருவருக்குமே தெரியும். கை அசைக்காமல் அவள் உட்கார்ந்திருந்த விதம் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்கேன் பதிந்த குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். முதல் மருத்துவமனையில் அது அவர்கள் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. இன்னொன்றில் எல்லாப் பரிசோதனையையும் முதலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். பல், கண் உட்பட. என் பற்களில் என்ன மாறியிருக்கும் என்று கேட்டேன். விதிமுறை என்றார்கள். எடுத்தேன். மறுபடியும் அதே மூன்று, அதே இரண்டு.

அங்கே அறுவை சிகிச்சை செய்யும் அம்மா படத்தை வெகுநேரம் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். வழக்கமாக இடது சிறுநீரகத்தைத்தான் எடுப்பார்களாம், அதன் சிரை நீளமாக இருக்கும் என்பதால். எனக்கு வலதை எடுக்கலாம் என்றார். வெளியே எடுத்து ஐஸில் வைத்து, சின்னக் குழாயைப் பெரிய குழாயின் பக்கவாட்டில் தைத்து ஒன்றாக்கிவிட்டு, பிறகு அக்காவுக்கு வைக்க வேண்டும்.

"அந்தச் சின்னது அடைச்சிக்க வாய்ப்பிருக்கு. அடைச்சா சிறுநீர்க்குழாய் கெட்டுப்போயி, இன்னொரு ஆபரேஷன் பண்ற மாதிரி வரலாம். தெரிஞ்சுதான் ஒத்துக்கணும்."

கூட வந்திருந்த மாமாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலையாட்டினார். அக்காதான் ஒத்துக்கொள்ள நாளானது. கடைசியில், "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா உம் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்" என்று அழுதுவிட்டுச் சரி என்றாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீரகம் வேலை செய்ய ஆரம்பித்தது. சில நாளில் அந்தச் சின்னக் குழாய் அடைத்துக்கொண்டது. அந்த அம்மா சொன்னபடியே சிறுநீர்ப் பாதையின் நுனி கெட்டு, உள்ளே கசிந்து, அக்காவுக்கு இரண்டாம் முறை வயிற்றைத் திறந்தார்கள். நான் தையல் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். மாமா ஓடி வந்தார்.

"மச்சான், கீழ ஒரு சின்ன கொழா இருந்துதாம். அது அடைச்சிக்கிச்சாம். அதான் மூத்திரப் பைப்புக்கு ரத்தம் போவலியாம். இத மொதல்லயே யாரும் சொல்லலியே!"

கத்த வேண்டும் போலிருந்தது. மூச்சை இழுத்தாலே தையல் பிடித்தது. "உக்காருங்க மாமா" என்று மட்டும் சொன்னேன். அவர் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

இரண்டாவது அறுவை சரியாக முடிந்தது. அக்காவின் ரத்தப் பரிசோதனை அளவுகள் முழுதாகச் சீராகவில்லை. டயாலிசிஸ் தேவையில்லாத அளவுக்கு வந்திருக்கிறது. அதுவே போதும் என்கிறார்கள். கடையைத் திறந்துவிட்டாள். ரவிக்கை மட்டும் தைக்கிறாள், சுடிதார் எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் சித்தப்பாவைப் பார்த்தேன். கடலூரில் டாக்டர்களுக்குத் தைரியம் இல்லை, மாமாதான் விடாமல் சென்னையில் ஆள் பிடித்தார் என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்துவதற்கு வாயெடுத்தேன். என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"சாப்புடுங்க" என்றாள். சாப்பிட்டேன்.