கமலை மாடும் டிபரன்ஷியலும்

முன்னால் போவதற்கு ரிவர்ஸ் கியர் போட்டு ஒரு மலையையே ஏறியிருக்கிறீர்களா? நான் ஏறியிருக்கிறேன். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை. ஓட்டியது மச்சான். ஆனால் வண்டியை அந்தக் கதிக்குக் கொண்டுவந்தவன் நான். ஆகவே பெருமையில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு.

யுத்தம் முடிந்த மறு வருடம். மதுரையில் பி.ஏ. பரீட்சையை எழுதித் தள்ளிவிட்டு, ரிசல்ட் வரும்வரை கூடலூரில் அக்கா வீட்டில் டேரா போட்டிருந்தேன். அக்கா அங்கே போர்டு ஸ்கூல் டீச்சர். அக்கா புருஷன், அதாவது மச்சான், தோட்டமும் வைத்திருந்தார், ஒரு பிக்கப் வண்டியும் வைத்திருந்தார். பிக்கப் என்றால் கம்பெனியில் செய்து வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ ஒரு துரை ஓட்டித் தேய்த்த டூரிங் காரின் பின்பாதியை அறுத்து எறிந்துவிட்டு, வேப்பம்பலகை அடித்த வண்டி. சமதரையில் ராஜா. மேடு கண்டால் மூச்சு வாங்கும். அதில் கம்பத்துக்கும் தேனிக்கும் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றிலிருந்து கணக்கப்பிள்ளை வந்தார். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்கு இரும்புக் குழாய்கள் மேலே போக வேண்டும். அதன் பிறகு சீசன் முழுக்கச் சாமான் ஏற்றும் வேலை இருக்கிறது. மச்சானுக்கு வாயெல்லாம் பல்.

கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. "உங்க வண்டிய குமுளி ரோட்டு மூணாவது வளைவுல எட்டுப் பேரு தள்ளுனாக. நான் பஸ்ல ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான் போனேன். அடுத்த வியாழக்கெழம மத்தியானம் லோயர் கேம்ப்ல குழாய் கெடக்கும். எறக்காம, ஆளு தள்ளாம குமுளி ஏத்திப்புட்டீகன்னா சீசன் வேல ஒங்களுக்கு. இல்லன்னா உத்தமபாளையத்து லாரிக்காரருக்கு."

அவர் போனதும் மச்சான் அக்காவிடம் சொன்னார்: "இது கெடைக்கலைன்னா வண்டிய வித்துப்புடுவேன். மேல எஸ்டேட்டுல டிரைவர் வேலைக்கு வரச் சொல்றாக. வீடும் தருவாக. நீயும் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துரு."

"நான் ஏன் எழுதிக் குடுக்கணும்? பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்றத விட்டுட்டு அங்கன வந்து அட்டைக்கு ரத்தங் குடுக்கவா?"

"பொண்டாட்டிய இங்கன விட்டுட்டு நான் அங்கன பொங்கித் திங்கவா?"

இரண்டு நாள் இருவரும் என் மூலமாகத்தான் பேசினார்கள். "ஒங்க மச்சானச் சாப்பிட வரச் சொல்லு", "ஒங்க அக்காகிட்டப் பசிக்கலைன்னு சொல்லு". ஒரு பட்டதாரி, சரி, முக்கால் பட்டதாரி, தபால்காரனானேன். அக்கா ஏழு வருஷம் பாடுபட்டுப் பெற்ற வேலை அது. ஒரு வண்டியின் மூச்சுவாங்கலால் போகப் பார்த்தது.

வழி சொன்னவர் கம்பத்தில் பட்டறை வைத்திருந்த பாய். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் லாரிகளைப் பிரித்துப் பிரித்தே யுத்தத்தைக் கழித்தவர். "இஞ்சின்ல ஒரு கொறையும் இல்லண்ணே. பின் அச்சுலதான் இருக்கு சங்கதி" என்றார் மச்சானிடம். அச்சின் நடுவே ஒரு கூண்டு இருக்கிறது. அதுதான் டிபரன்ஷியல். உள்ளே பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரம், கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம். இஞ்சினிலிருந்து வரும் தண்டு பினியனைச் சுற்றும், பினியன் கிரவுனைச் சுற்றும், கிரவுன் டயரைச் சுற்றும். எங்கள் வண்டியில் தண்டு நாலு சுற்றுக்கும் குறைவாகச் சுற்றினாலே டயர் ஒரு சுற்று சுற்றிவிடும். காருக்கு அது சரி. பாரத்துக்கு ஆகாது. மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் பாய் வாங்கிப்போட்டிருந்த, எங்கள் வண்டியின் அதே கம்பெனி லாரி ஒன்றில் கிட்டத்தட்ட ஆறு சுற்றுக்கு ஒரு சுற்று. வேகம் போகும், இழுவை வரும். அந்த ஜோடியைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும்.

"இது சிம்பிள் மெக்கானிக்ஸ் மச்சான்" என்றேன் நான்.

"அப்பச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சுருவியா?" என்றார் மச்சான்.

பாய் பட்டறையில் பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து கிடந்தது. ஆகவே பாய் தன் ஸ்பானர்களோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். அங்கே கிணற்றில் கமலை இருந்தது. இரண்டு கல்தூண், மேலே உருளை, வடம், வடத்தை இழுக்க இரண்டு காளை. மாடுகள் சரிவில் இறங்கினால் கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் மேலே வரும். சாலுக்குப் பதிலாக வண்டியின் பின்பக்கத்தைக் கட்டினோம். மச்சான் மாட்டை ஓட்டினார். வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் கட்டை கொடுத்து அச்சை உருவினோம். இதைப் பார்க்க ஊரே வந்தது.

அச்சை இரண்டாகப் பிரிக்க அதைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். மறுபடியும் கமலைதான். பாய், கிரவுன் எந்தப் பக்கம் இருந்தது என்று கூண்டின் மேல் சுண்ணாம்பால் அடையாளம் போட்டார். மச்சான் தீவனம் வாங்கப் போயிருந்ததால் மாட்டைப் பிடித்துக்கொண்டு சரிவின் அடியில் நிற்கும் வேலை எனக்கு. "மூக்கணாங்கயித்த விட்றாத தம்பி" என்று பாய் இரண்டு தடவை சொன்னார். விடவில்லை. அரை நிமிஷம்தான் விட்டேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய மோட்டார் புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிடலாம் என்று.

கமலை மாடு வேறு, வண்டி மாடு வேறு. சரிவில் இறங்கி முடித்ததும் யாரும் சொல்லாமலே பின்னாலேயே நடந்து மேலே வந்துவிடும் கமலை மாடு. பிறந்ததிலிருந்து அதற்குப் பழக்கமே அதுதான். எங்கள் காளைகளும் அவற்றின் கடமையைச் செய்தன. நிதானமாகப் பின்னால் நடந்தன. அச்சு இறங்கியது, சாய்ந்தது, உருண்டது. பாய் தாண்டிக் குதித்ததில் கால்விரல் தப்பியது. பாதி பிரித்த கூண்டு கிரவுனையும் எண்ணெயையும் கக்கிவிட்டுக் கவிழ்ந்து கிடந்தது. சுண்ணாம்பு அடையாளம் எண்ணெயில் கரைந்து போய்விட்டது.

"எலே காலேஜு!" என்று கத்தினார் பாய். அதுவரை தம்பி.

கிரவுன் எந்தப் பக்கம்? எங்கள் கூண்டில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. எப்படிப் போட்டாலும் உட்காரும். பாய் நெற்றியைத் தேய்த்தார். நான் புத்தகத்தைப் பிரித்து, "இடது பக்கம். படமே இருக்கு பாய்" என்றேன்.

"எனக்கென்னமோ வலதுன்னு ஞாபகம்."

"இங்கிலீஷ்காரன் அச்சடிச்சது பாய்!"

அவர் அடங்கிவிட்டார். மண்ணெண்ணெய் டின் தகட்டை வட்டமாக வெட்டி, இடைவெளிக்குச் செருகிப் புது ஜோடியை உட்கார வைத்தார். பல்லோடு பல் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க சாயம் வேண்டும். நான் அக்காவின் குங்குமச் சிமிழை எடுத்துவந்து விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினேன். பாய் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு பல்லின் நடுவிலும் அழகாகப் பதிந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்கா, "எனக்கு வைக்கிறத இரும்புக்கு வச்சுப் பாக்குறீகளா? வெளங்கிரும்" என்றாள். ஆனால் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.

வியாழக்கிழமை காலை. பின் டயர்கள் இரண்டிலும் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிக் கட்டினோம், ஈரத்தில் வழுக்காமல் இருக்க. மச்சான் சாமி கும்பிட்டுவிட்டு ஏறினார். பர்ஸ்ட் கியர் போட்டார். கிளட்சை விட்டார்.

வண்டி விருட்டென்று பின்னால் போய் வைக்கோல் படப்பில் புகுந்தது.

"ரிவர்ஸ்ல போட்டீகளா?" என்றாள் அக்கா.

மச்சான் வைக்கோலுக்குள்ளிருந்து, "பர்ஸ்ட்டுடீ!" என்றார். செகண்ட் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. பாய் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். படத்தின் கீழே சின்ன எழுத்தில், முன்னாலிருந்து பார்க்கும் தோற்றம் என்று போட்டிருந்தான். நாங்கள் பின்னாலிருந்து பார்த்து மாட்டியிருந்தோம்.

பிரித்து மாட்ட முழு நாள் வேண்டும். எங்களிடம் இருந்தது அரை நாள். மச்சான் இறங்கி வந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காதான் கேட்டாள். "முன்னால போற கியரெல்லாம் பின்னால போகுதுல்ல. அப்பப் பின்னால போற கியரு?"

பாய் எழுந்தே விட்டார். "முன்னால போகும்! அண்ணே, ரிவர்ஸ்தான் இருக்குறதுலயே இழுவையான கியரு!"

லோயர் கேம்ப் வரை நாலு மைல். இஞ்சின் சூடாகாமல் இருக்க மாட்டைக் கட்டி இழுத்துப் போகலாம் என்று நான் யோசனை சொன்னேன். காளைகள் முப்பது அடி ஜோராக இழுத்தன. நின்றன. பிறகு பின்னால் நடந்து பம்பர் மேலேயே உட்காரப் பார்த்தன. மாட்டை அவிழ்த்துவிட்டோம். நானும் இனிமேல் யோசனை சொல்வதில்லை என்று முடிவாயிற்று.

ரிவர்ஸிலேயே உருட்டிக்கொண்டு போனோம். ஒரு கிழவர் எங்களை நடந்தே முந்தினார். கணக்கப்பிள்ளை குழாய்கள் மேல் உட்கார்ந்திருந்தார். ஏற்றினோம். முன்சீட்டில் மச்சான் பக்கத்தில் அவர். நானும் பாயும் தண்ணீர் டின்னோடு பின்னால், குழாய் மேல்.

மலை தொடங்கியது. வண்டி ஙொய்யென்று ஒரே சுருதியில் அழுதது. ஆனால் நிற்கவில்லை. முதல் வளைவு. இரண்டாவது. எட்டுப் பேர் தள்ளிய மூன்றாவது வளைவில் ஊற்றுத் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. பழைய வண்டியாயிருந்தால் டயர் அங்கேயே சுற்றி நின்றிருக்கும். இது சேற்றைக் கடித்துக்கொண்டு, ஒரு கல், அடுத்த கல் என்று அடி வைத்து ஏறியது. பாய் என் தொடையில் ஓங்கி ஓர் அறை வைத்தார். சந்தோஷ அறை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நாலு முறை நிறுத்தினோம். ஒருவரும் தள்ளவில்லை. ஒரு குழாய்கூட இறங்கவில்லை.

குமுளி எல்லைச் சௌக்கையில் எதிரே பஸ். திருவிதாங்கூர்ச் சேவகன் கையை ஆட்டி, "குறச்சு பின்னோட்டு எடுக்கு!" என்றான். பின்னால் எடுக்கச் சொல்கிறான். மச்சான் வேறு வழியில்லாமல் கியரைப் பர்ஸ்ட்டில் தள்ளினார். வண்டி அழகாகப் பின்னால் போனது.

கணக்கப்பிள்ளை மெதுவாகத் திரும்பினார். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனா ஒன்றரை மணி நேரமா அந்தக் குச்சி ஒரே எடத்துல கெடந்துச்சு. இப்ப அதத் தள்ளவும் வண்டி பின்னால போகுது. என்னய்யா இது?"

மச்சானுக்குப் பொய் வராது. எல்லாவற்றையும் சொன்னார். மாடு, சுண்ணாம்பு, புத்தகம், படப்பு. என்னையும் சுட்டிக்காட்டினார்.

கணக்கப்பிள்ளை ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆளு தள்ளுனாகளா? இல்ல. எறக்குனீகளா? இல்ல. சொன்ன சொல்லு அம்புட்டுத்தான். திங்கக்கெழம இருந்து வேலைக்கு வாங்க. ஆனா கியர மாத்திக்கிட்டு வாங்கப்பா, எனக்குக் காது வலிக்குது" என்றார்.

இறங்குவதும் அதே கியரில்தான். பிரேக்கைத் தொடவே தேவையில்லாமல், ஆமை மாதிரி, பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்துக்கொண்டே வந்தோம். பச்சை நெல், பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். பாய் பாட்டு வேறு பாடினார். சனிக்கிழமை கூண்டைப் பிரித்து கிரவுனை வலது பக்கம் மாற்றினார். மாட்டைப் பிடித்தது மச்சான். நான் கிணற்றடிப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு.

அதன் பிறகு மூன்று சீசன் ஓடிவிட்டது. வண்டி வாரத்துக்கு நாலு நடை மேலே போகிறது.

இப்போது மணி பதினொன்றரை. அக்கா அதே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.